ஐஸ் தண்ணீரும் ஊசி ஓட்டையும்

ஓடாத வண்டி வந்தால் எனக்குப் பயமில்லை. வழியில் எங்கோ நின்றுபோய், நம் கடை வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக ஓடுகிற வண்டிக்குத்தான் பயப்படுவேன். அமுதாவின் வண்டி அப்படித்தான் வந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில், தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டி ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சர்க்யூட் படம் பார்த்துப் புரிந்துகொள்ள நேரமாகும்; அதனால் வயரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்ப்பது என் வழக்கம்.

அமுதா கோவளத்துப் பக்கத்து மீனவப் பெண். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். இவர் மீனைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றி, தானே ஓட்டி வந்து, கோவிலம்பாக்கத்தில் தெருத்தெருவாக விற்பார். அன்று காலை மேடவாக்கம் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் தண்ணீர் லாரி. லாரிக்காரர் எப்படியோ பிரேக் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆனதும் யாரோ என் கடையைச் சொல்ல, நேராக வந்துவிட்டார்.

ஏற்கெனவே இரண்டு கடைகளில் காட்டியிருந்தார். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் புதிது. ரிலேயும் புதிது. கடைசியாகப் பார்த்தவர் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு தபா நின்னா வண்டிய வித்துடலாம்னு சொல்றாருண்ணா எங்க வூட்டுக்காரரு. வித்துட்டு நான் இன்னா பண்றது? மீன் கூடைன்னா பஸ்ல ஏத்தவே மாட்டானுங்க," என்றார்.

எனக்கு அந்தத் தண்ணீர் லாரிதான் கண்ணிலேயே நின்றது.

இன்ஜினை ஓடவிட்டு, வயர்களை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாக ஆட்டினேன். எர்த் வயரை இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. எப்போதெல்லாம் நிற்கிறது என்று கேட்டேன். கரையில் கிளம்பும்போது நிற்காது, மேடவாக்கம் நெருங்கும்போதுதான் தகராறு, காலியாகத் திரும்பும்போது ஒரு நாளும் நின்றதில்லை என்றார். லோடு அதிகமோ என்றேன்.

"ரெண்டு பொட்டி மீனு ஒரு லோடாண்ணா? கிளம்பறப்ப ஐஸு கல்லு மாதிரி கீது. வர வர தண்ணியா ஊத்தும், அவ்ளோதான்."

குனிந்து பார்த்தேன். என் வாசல் சரிவானது என்பதால் பெட்டித் தண்ணீர் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அடியில், இன்ஜினுக்குப் போகும் ஹார்னஸ் வயர்க்கட்டின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தத் தண்ணீரையே ஒரு மக்கில் பிடித்து ஹார்னஸ் மேல் மெதுவாக ஊற்றினேன். இன்ஜின் இரண்டு தரம் திணறி அணைந்தது. வண்டி நின்றதற்கு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

டேப்பைப் பிரித்தேன். சென்சார் கப்ளரின் பின்கள் பளிச்சென்று இருந்தன. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வயரை விட்டுவிட்டார்கள் போல. தடவிக்கொண்டே போனதில் ஒரு சாண் தள்ளி ஒரு சின்னப் புள்ளி விரலில் தட்டியது. ஊசி ஓட்டை. பக்கத்து வயரிலும் ஒன்று.

டெஸ்ட் லேம்ப் ஊசியை வயரின் தோலில் குத்திக் கரண்ட் பார்ப்பது எங்கள் தொழிலில் சாதாரணப் பழக்கம். பல வண்டிகளில் அதனால் ஒன்றும் ஆகாது. இது மீன் வண்டி. ஓட்டை வழியே உப்புத் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பைப் பச்சைப் பொடியாக அரித்திருந்தது. நனைந்தால் இரண்டு வயருக்கும் நடுவே தண்ணீர் பாலம் போட்டுவிடும், சென்சார் சிக்னல் போய்ச் சேராது.

பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டினேன். அதே கனத்தில் வயர்த் துண்டு சேர்த்து நசுக்கிக் கிரிம்ப் செய்தேன். ஜாயின்ட்டுகள் ஒரே இடத்தில் மோதாமல் முன்பின்னாக வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கினேன்.

அமுதா சாவியைக் கேட்டார். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இங்கே குத்தியவர் இதோடு நிறுத்தியிருப்பாரா? ஹார்னஸ் முழுக்கப் பார்க்க வேண்டும், சாயங்காலம்வரை வண்டி இருக்கட்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாய்ங்காலம் வரைக்கும் வஞ்சிரம் உன் மூஞ்சியப் பாத்துகினு கெடக்குமா?"

"பாலத்துல திரும்ப நின்னுச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதும்மா."

 அமுதா பெட்டிகளை இறக்கி, என் டூல் மேசையை ஒதுக்கி, பலகை போட்டு, கூவ ஆரம்பித்தார். எதிர் ஃப்ளாட்டிலிருந்து ஒரு டீச்சர் பாத்திரத்தோடு வந்தார். பேட்டரி பார்க்க வண்டி விட வந்த ஒருவர் அதை மறந்து சங்கரா மீன் விலை கேட்டார். கடை முழுக்கச் செதில். நான் வண்டிக்கு அடியில் படுத்தபடி பேரத்தைக் கேட்டுக்கொண்டே, இன்னும் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தேன். ஒன்று ஃப்யூவல் பம்ப் வயரில். அதுவும் என்றைக்காவது வண்டியை நிறுத்தியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் அமுதாவே மக்கை எடுத்து, மிச்சமிருந்த ஐஸ் தண்ணீரை ஹார்னஸ் மேல் ஊற்றினார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திணறவே இல்லை. பெட்டித் தண்ணீர் வெளியே போக ஒரு டியூபும் மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் லோடோடு பாலம் இறங்கியதும் போன் செய்யச் சொன்னேன்.

போன் வரவில்லை. வெயில் ஏறும்வரை பொறுத்தேன். நானே அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கடைசியில் எடுத்தார். பின்னால் தெருச் சத்தம்.

"ஓடுற வண்டிக்கு எதுக்குண்ணா போனு? நின்னா பண்றேன். வையி, யாவாரம் நடக்குது."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வயரைக் குத்தாதீர்கள், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின் விட்டுப் பாருங்கள். வேறு வழியில்லாமல் குத்திவிட்டால், அந்த இடத்தை அடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அமுதாவின் வண்டியில் குத்தியவர் யாரென்று எனக்குத் தெரியாது. மோசமான ஆளாக இருக்க மாட்டார். கரண்ட் வருகிறதா என்று பார்த்திருப்பார், வந்திருக்கும், அடுத்த வயருக்குப் போயிருப்பார். அவர் பார்த்தது வயரைத்தான். அந்த வண்டி அங்கிருந்து எங்கே போகும், எதை ஏற்றும், பின்னால் என்ன வரும் என்று யோசிக்கவில்லை.