கோட்டுக்கு அந்தப் பக்கம் துபாய்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத உட்கார்ந்ததற்கே கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னூரில் எங்கள் வீடு ஒரே அறை. அத்தா, அம்மா, பிள்ளைகள் ஐந்து பேர், துபாய் போவதற்காக வந்து தங்கிய மாமா. கதவு ஒன்று உண்டு, ஜன்னல் இல்லை. விசாவுக்காக மாமாவின் நெஞ்சைப் படம் பிடித்தபோது டி.பி. என்று தெரிந்தது. துபாய் அவரை வேண்டாம் என்றது.

டாக்டர் மாத்திரை கொடுத்து, "கொஞ்ச நாளைக்குத் தனி ரூம்ல படுக்க வைங்க, காத்து வரணும்" என்றார்.

"இருக்கறதே ஒரு ரூம்தாங்க" என்றார் அம்மா. டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்றே மாமா என் சாக்பீஸை வாங்கித் தன் பாயைச் சுற்றிக் கோடு போட்டார். "இது துபாய். விசா இல்லாம யாரும் உள்ள வரப்படாது."

எங்களுக்கு ஒரே குஷி. வரிசையில் நின்று விசா கேட்டோம். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "மூக்கு சரியில்ல, ரிஜெக்ட்! அடுத்த ஆளு!" என்பார்.

கடைசித் தங்கைக்கு மூன்று வயது. "மாமா, ஒரு காலு மட்டும் வெக்கிறேன்" என்று கெஞ்சுவாள்.

"ஒரு காலுக்கெல்லாம் விசா இல்ல தங்கம், போங்க."

அவள் கோட்டில் விரல் படாமல் நிற்பாள். தூக்கம் வந்தால் கோட்டை ஒட்டியே படுத்துவிடுவாள். அங்கேதான் இடம் இருந்தது.

எனக்கு ரோஷம். ஒரு மத்தியானம் மாமா தூங்கும்போது கோட்டைத் தாண்டி, அவர் பாயில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்துத் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. மாமாவுக்கு வந்ததுதான் இவளுக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அத்தா அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்.

அவள் அடக்கம் முடிந்த மாலை அத்தா அம்மாவிடம் ஏதோ நினைவில் சொன்னார். அவர் வெள்ளையடிக்கப் போன கைலாசபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒருவருக்கு இதே நோயாம். அவருக்குத் தனி அறை, இரண்டு ஜன்னல். வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டவில்லையாம்.

அந்த வீட்டில் யாரும் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசா இல்லாமல் உள்ளே போனது நான். தங்கை ஒருநாளும் தாண்டவில்லை. பல வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. எட்டுப் பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் அம்மா தரையைக் கழுவினார். கோடு போய்விட்டது. ஈரம் காய்ந்ததும் மாமாவின் பாயை அதே இடத்தில் விரித்தார்.