பல்லக்கை நிறுத்திய பத்தாவது பாட்டு

மணலூர்பேட்டையில் அடியாரின் குருபூசை. அவருடைய பல்லக்கைக் கூட்டுரோட்டில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அவர் பாட்டுகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றுகிற எனக்குப் பதிகம் முழுக்க மனப்பாடம். இந்த ஊர் வழக்கம்தான் புதுசு: இறக்கிய இடத்தில் பத்துப் பாட்டையும் பாடி முடிக்காமல் பல்லக்கைத் தூக்கக் கூடாது.

பாடுகிறவர் கரும்பு வெட்டும் சரசு அக்கா. ஒன்பதாவது பாட்டோடு நிறுத்திவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

"இன்னாம்மா, பாடு. வெயில் ஏறுது," என்கிறார் விழாக் கமிட்டித் தலைவர்.

"எங்க தெருவுக்குள்ள போவும்னு சொல்லுங்க, பாடறேன். வருசா வருசம் இங்கியே திருப்பிக்கினு போறீங்க. கோயிலுக்குள்ள வுடாதப்ப வெளிய நின்னு பாடுனவரு அவரு. எங்க வூட்டாண்ட வரமாட்டன்னா சொன்னாரு?"

தலைவர் செல்போனில் பத்தாவது பாட்டைப் போடுகிறார். பல்லக்குத் தூக்கிகள் அசையவில்லை.

"போனு பாடுனா போனே தூக்கட்டும்ங்க," என்கிறார் அவர்களில் ஒருவர். கூட்டம் சிரிக்கிறது.

தலைவர் என்னிடம் திரும்புகிறார். "தம்பி, காலையில மண்டபத்துல பாடுனீங்களே. நீங்க முடிச்சு வுடுங்க."

அக்கா என்னையே பார்க்கிறார்.

"மறந்துபோச்சுங்க," என்கிறேன், தலைவர் முகத்துக்கு நேராக.

தலைவர் என்னை முறைக்கிறார், பல்லக்கைப் பார்க்கிறார், துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். "சரி, போவட்டும்," என்று முனகுகிறார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்கிறார் அக்கா, எழுந்திருக்காமலே. "தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்."