இல்லாத மடுவத்தில் இடப்பக்கம் திரும்பவும்

தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்காத எதையும் நான் நம்புவதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். பேய் பார்த்தேன், முனி அடித்தது என்று வேலைக்கு வராமல் நின்றவர்களிடம் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பேன். யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதனால், இப்போது நான் சொல்லப் போவதற்கு நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது. நேரம் மட்டும் என்னிடம் சரியாக இருக்கிறது. தேதியும் டைரியில் உண்டு. பெண் வீட்டார் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே எழுதவில்லை.

நாங்கள் இருப்பது ஹட்டன் டவுன் முடிகிற இடம். டவுனின் கடைசித் தெருவிளக்கும் தோட்டத்தின் முதல் தேயிலைச் செடியும் எங்கள் வாசலில்தான் சந்தித்துக்கொள்கின்றன. தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்து ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி வாங்கி வீடு கட்டியவர்கள் பாதி, டவுனில் வாடகை தாங்காமல் மேலே ஏறி வந்தவர்கள் பாதி. டைல்ஸ் பதித்த இரண்டு மாடி வீட்டுக்குப் பக்கத்தில் மரக்கறிப் பாத்தி இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு சலூன் இருக்கும். தெருவுக்குப் பெயர் இல்லை, வீடுகளுக்கு நம்பர் இல்லை. போனில் மேப்பைத் திறந்தால் எங்கள் வீடுகள் எல்லாம் தேயிலைக்கு நடுவே நிற்பதாகக் காட்டும். பார்சல் கொண்டுவருகிறவர்கள் கீழே நின்று "ஐயா, நீங்க எங்கதான் இருக்கீங்க?" என்று அழாக்குறையாகக் கேட்பார்கள்.

அதற்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். "மடுவத்தடியில திரும்புங்க."

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற தகரக் கொட்டகைதான் மடுவம். கொழுந்தில் ஈரம் இருக்கிறது என்று தண்ணிக்கு ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ கழிக்காமல் அங்கே யாருக்கும் கணக்கு எழுதியதில்லை. எங்கள் பாதையின் இரண்டாவது வளைவில், இவ்விடமெல்லாம் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே நின்றது. பாதையை அகலமாக்கியபோது அதைப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்து, தகரம் பதினெட்டு, தராசு ஒன்று, பழைய இரும்புக்காரர் ஏற்றிப்போனார் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். இப்போது அங்கே சிமெண்டு போட்ட வெறுந்தரைதான். செல்வம் அங்கே தன் ஆட்டோவை நிறுத்தியிருப்பார். ஆனாலும் வாய் பழகிவிட்டது. பஸ் கண்டக்டர்கூட "மடுவத்தடி எறங்கு" என்றுதான் கத்துவார்.

பக்கத்து வீட்டு சரோஜாவின் மகள் மேனகாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனகா டவுனில் பாலர் பாடசாலை டீச்சர், கெட்டிக்காரி. இரண்டு தடவை பெண் பார்க்க ஆள் வந்தும் வீடு வந்து சேரவில்லை. முதல் கூட்டம் மேல் கோடியில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைந்து, கேக் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது ஏழு என்று தெரிந்த பிறகுதான் எழுந்தது. இரண்டாவது கூட்டம் மூடுபனியில் வழி தெரியாமல் அரைமணி நேரம் சுற்றி, சகுனம் சரியில்லை என்று வேனைத் திருப்பிவிட்டது.

மூன்றாவது வரன் வட்டகொடையிலிருந்து. பையனும் மேனகாவும் போனில் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்தும் போயிருந்தது. ஆனால் பையனின் அம்மாவுக்குச் சாத்திரம் அதிகம்.

"இதுவும் வராமப் போச்சுன்னா புள்ளைக்கு ராசி இல்லேன்னு பேராயிரும் கிளாக்கரய்யா," என்றார் சரோஜா. "ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிரும். அதுக்குள்ள வந்து உக்காந்திரணும். நீங்கதான் வழிய வெவரமா எழுதி அனுப்பணும்."

எழுதுவது என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து, மைல்கட்டை முதல் பாலம் வரை, எந்த வளைவில் எத்தனை பாக்கு மரம் என்பது வரை எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பெருமை தாங்காமல் அதை ஒருமுறை சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாலத்தைத் தாண்டி இரண்டாவது வளைவில் கொழுந்து மடுவம் இருக்கும். அங்கே வேனை நிறுத்திவிட்டு, மடுவத்தின் இடப்பக்கம் திரும்பி நடந்து வரவும்."

சரோஜா கையில் முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றார்.

"என்னாங்கய்யா இது! இல்லாத மடுவத்துக்கு வழி சொல்லிப் போட்டிருக்கீங்க!"

"ஏன், நீயும் அப்படித்தானே சொல்லுவ?"

"நான் நம்மாளுங்ககிட்ட சொல்லுவேன். அவங்க வட்டகொடைக்காரங்க! மடுவத்தத் தேடிக்கிட்டே மேல தொரை பங்களா வரைக்கும் போயிருவாங்க!"

உள்ளிருந்து மேனகா தலையில் பூவோடு வந்து, "அம்மா, ஐயாவ ஏசாதீங்க. நான் போன் பண்றேன்," என்றாள். பண்ணினாள். சிக்னல் இல்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அந்தப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு குறுக்குப் படியால் இறங்கினேன். பாதையால் போனால் சுற்று, படியால் போனால் நேரே பஸ் தரிப்பிடம். வேனை அங்கேயே மறித்துவிடலாம் என்று கணக்கு. பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது, கையை நீட்டினால் கை தெரியாத பனி, அதோடு ஊசி ஊசியாகத் தொடங்கிய மழை கொட்டோ கொட்டென்று கொட்டவும் ஆரம்பித்தது. தரிப்பிடத்தில் அரைமணி நேரம் நின்றேன். ஒரு வேனும் வரவில்லை. கடைக்காரர், "ஒரு வெள்ள வேன் அப்பவே மேல போயிருச்சே," என்றார். என் கதை முடிந்தது என்று நினைத்து, நான்கு பத்துக்குத் தொப்பலாக நனைந்து மேலே வந்தால், சரோஜா வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம்.

நடு ஹாலில் பையன், அவனுடைய அம்மா, தாய்மாமா. கையில் தேத்தண்ணீர். கீழ் வீட்டுச் சிங்கள அக்கா கொடுத்தனுப்பிய கொக்கிஸ் பலகாரம் பாதி காலி.

"வாங்க வாங்க, நீங்கதான் வழி எழுதினவரா?" என்றார் அந்த அம்மா. "இப்படி யாருமே எழுத மாட்டாங்க. மடுவம் வரைக்கும் வந்து நிறுத்தினோம், பனிலயும் டக்குனு தெரிஞ்சிச்சு. மழை வேற. உள்ள ஒதுங்கி நின்னுட்டு, விட்டதும் வந்தோம்."

சரோஜா என்னைப் பார்த்தார். நான் அவர்களுடைய உடுப்பைப் பார்த்தேன். பட்டுச் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூன்று பேரிடமும் குடை இல்லை.

"அங்க இருந்தவரு நல்ல தமாஷான ஆளு," என்றார் தாய்மாமா. "காதுல பென்சிலு, கம்பளித் தொப்பி. எங்க பழப்பையப் பாத்துட்டு, 'கொண்டாங்க, நிறுப்போம்'னு கொக்கியில மாட்டிட்டாரு. 'ஏழு கிலோ. தண்ணிக்கு ஒண்ணு கழிச்சி ஆறு'ங்கிறாரு! வாழப்பழத்துல ஏதுய்யா தண்ணின்னேன். அவரும் சிரிச்சாரு."

"எங்க காலத்துல ரெண்டு கழிப்பாங்க," என்று, ஒரு காலத்தில் கொழுந்து பறித்த சரோஜா வாய்தவறிச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனகா உள்ளிருந்து இரண்டாவது தட்டுக் கொண்டுவந்தாள். நாலரைக்குள் பேச்சு முடிந்தது. அந்த அம்மா தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி மேனகாவுக்கு வைத்துவிட்டார்.

அவர்கள் போனதும் நான் செல்வத்தைத் தேடிப் போனேன். வேறு ஏதாவது கொட்டகையில் ஒதுங்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படி நினைக்க எனக்கு ஆசைதான். செல்வத்துக்கு நாற்பது வயது, குடிப்பழக்கம் இல்லை, பேச்சில் மிகையும் இல்லை. பிற்பகல் முழுக்க அவர் வளைவிலேயே ஆட்டோவுக்குள் இருந்திருக்கிறார்.

"அத ஏங்கய்யா கேக்குறீங்க. வேன விட்டு எறங்கி, கொட்டுற மழைல இந்த வெறுந்தரைல நின்னு பேசிச் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க மூணு பேரும். பைத்தியமான்னு நெனைச்சேன். ஹோர்ன் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. பத்து நிமிசம் நின்னாங்க."

"பழப்பை?"

செல்வம் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"பை இருந்திச்சுங்கய்யா. அத யாரு புடிச்சிக்கிட்டு இருந்தாங்கன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்து, சரோஜாவிடமிருந்து அந்தப் பையைப் பிரிக்காமல் வாங்கி, சலூனுக்கு அடுத்த கடையில் நிறுத்தேன். சரியாக ஏழு கிலோ இருந்தது. டைரியில் ஏழு என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஆறு என்றும் எழுதிவைத்தேன்.

மேனகாவின் கல்யாணம் நன்றாக நடந்தது. வட்டகொடையிலேயே ஒரு பாலர் பாடசாலையில் இப்போது படிப்பிக்கிறாள். மாசத்துக்கு ஒருமுறை மாமியாரும் மருமகளும் வருவார்கள். வெயில் நாளில் வந்தால் அந்த அம்மா, "எங்க, மடுவத்தப் பிரிச்சிட்டாங்களா?" என்று கேட்பார். பனி நாளில் வந்தால் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு இதில் பயம் ஏதும் கிடையாது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். வீடு தேடி வருகிறவர்களை இப்போது இன்னும் தைரியமாக மடுவத்துக்கு அனுப்புகிறார்கள். மேப்பைவிட அது மேல் என்கிறார் சரோஜா.

போன மாதம் ஒரு மாலை, ஐந்து மணி, நான் கடையில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு பாதையால் வந்தேன். பனியும் மழையும். செல்வம் ஹயருக்குச் சவாரி போயிருந்தார், வளைவில் யாரும் இல்லை. குடைமேல் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. மழை விட்டதாக்கும் என்று குடையைத் தாழ்த்தி, நடந்தேன். தரை தாண்டியதும் மழை தலையில் கொட்டியது. அது விடவே இல்லை.

பழக்கதோஷம், திரும்பி அதே வழியால் ஒருமுறை நடந்து காலடியை எண்ணினேன். சத்தமில்லாமல் ஆறு காலடி. வீட்டுக்கு வந்து பழைய டைரியைப் புரட்டினேன். பிரித்த அன்று மடுவத்தின் நீளத்தை நான் காலடி வைத்து அளந்து எழுதியிருக்கிறேன். ஏழு காலடி.

ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்.