வானத்துக்கும் செக்போஸ்ட்

அம்மாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இரண்டு நாளாகிவிட்டது. தம்பி வரவேண்டும். வளைகுடாவில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். செய்தி கேட்டதும் டிக்கெட் போட்டுக் கிளம்பியும்விட்டான். பாதி வழியில் விமானத்தைத் திருப்பி, ஏறின ஊரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் எங்கோ இரண்டு நாடுகளுக்குள் சண்டையாம். நடுவில் இருந்த நாடுகள் தங்கள் வான்வெளியை மூடிவிட்டன.

இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ராசிபுரத்திலிருந்து வந்த சித்தி, மாலையைப் போட்ட கையோடு கேட்டார்: "வானத்தைப் போயி எப்படி சாமி மூடுவாங்க? அதுக்கென்ன கதவா இருக்குது?" நானும் வானம் பொது என்று நம்பியவள்தான். அழுகைகூட வரவில்லை, சலிப்புத்தான் வந்தது.

அப்பாதான் பதில் சொன்னார். காலமெல்லாம் நாமக்கல் லாரி ஓட்டியவர். "அவங்கவங்க மண்ணுக்கு மேல இருக்குற ஆகாசமும் அவங்கவங்களுதுதான் அம்மணி. பர்மிட் இல்லாம வண்டி எல்லை தாண்டுமா? அங்கயும் அப்படித்தான். இப்பச் செக்போஸ்ட்டுல கட்டையப் போட்டுட்டாங்க. தூக்குறவரைக்கும் நிக்கோணும்."

தம்பி போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நான் மொகத்தைப் பாக்காம எடுத்துறாதீங்க அக்கா." வழி திறந்துவிடும் என்று காலையில் அவனிடம் சொல்வார்களாம், சாயங்காலம் இல்லை என்பார்களாம். மூன்றாம் நாள் அம்மாவின் முகம் மாறத் தொடங்கியது. பங்குச்சாமியார் அப்பாவைப் பார்த்தார்.

"எடுத்துரலாமுங்க சாமி," என்றார் அப்பா.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் மண் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. "தொறந்துட்டாங்க அக்கா. ஏறப்போறேன். அம்மாவ வச்சிருங்க."

அப்பாவிடம் காட்டினேன். அடக்கம் முடிந்ததை இப்போதே சொல்லிவிடலாம் என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்தில் இருக்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள், வண்டி ஊர் வந்து நின்ற பிறகுதான் சொல்வார்கள்.

"அவனா ஓட்டறான்? சும்மா உக்காந்துதானேப்பா வாரான்," என்று எரிந்து விழுந்தேன்.

"வழியில இருக்கறான் கண்ணு. வந்து சேரட்டும்."

அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வச்சிருக்கோம், பதறாம வா" என்று அடித்து அனுப்பினேன்.