முளைக்காத நவதானியமும் கறுவா எண்ணெயும்

நவராத்திரிக் கும்பம் பார்க்க இன்று தெஹிவளை மச்சாள் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார்.

கும்பத்தைச் சுற்றி விதைத்த நவதானியம் ஒன்றும் முளைக்கவில்லை. அந்தக் கவலையில் எனக்கு நித்திரையே இல்லை.

மச்சாள் குனிந்து பார்த்தார். "என்ன மச்சாள், மண் மொட்டையாக் கிடக்கு? ஆரோ தீட்டுத் துடக்கோட புழங்கிட்டினம் போல" என்றார், என் மருமகளைப் பார்த்தபடி.

என் மகனின் கலியாணத்தில் வடைக்கு உப்பில்லை என்று சொன்ன வாய் அது. நான் மறக்கவில்லை.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமி, இதே பயறு குசினியில ஊறப்போட்டது வால் விட்டிட்டுது. கும்பத்து மண்ணுக்குத்தான் எறும்பு வராமக் கறுவாப்பட்டை எண்ணெய் தெளிச்சனான்."

மண்ணை அள்ளி மணந்தேன். மூக்கு எரிந்தது. இந்தக் காரத்தில் எந்த விதை கண் திறக்கும்?

"ஆர் பிள்ளை உனக்கு அந்த எண்ணெய் தந்தது?"

"இந்தத் தெஹிவளை மாமிதான். எறும்புக்கு நல்லதெண்டு போனமுறை கொண்டுவந்து தந்தவா."

மச்சாள் உடனே, "தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?" என்றார்.

புது மண்ணில் திரும்ப விதைத்துவிட்டோம். எண்ணெய்ப் போத்தலைச் சாமியறைக்கு வெளியே வைத்தாயிற்று. மச்சாளையும் அப்படியே வைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.