வெட்டி எறிந்த எதிரொலி

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனைக் கணக்கெடுக்கிறீர்களா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆமாம், எடுக்கிறோம். இந்தப் பக்கத்தில் மீன் என்றால் கிருஷ்ணகிரி அணையில் மசாலா தடவி வறுத்துத் தருவார்களே, அதுதான். ஆனாலும் எங்கள் சுசித்ரா அக்கா கண்ணில் பார்க்காத கடலுக்குள் என்ன மீன் போகிறது என்று சொல்வார். சொல்லும்போது குரலில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்காது.

அக்காவுக்குத் தளி பக்கம். வீட்டில் கோஸும் ரோஜாவும் பயிர் செய்கிறார்கள், மாடுகள் உண்டு. அம்மா நஞ்சம்மாவோடு கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். பர்கூரில் என்ஜினியரிங் முடித்துவிட்டு ஓசூரில் ரத்தினவேல் சாரின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தவர். வண்டி உதிரி பாகங்களுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கிற வேலை. இரும்புக்குள் போன ஒலி பாதியிலேயே முட்டித் திரும்பினால் அங்கே கோளாறு என்று அர்த்தம். அக்கா ‘ஓகே’ முத்திரை குத்திய ஒரு பாகமும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவும் அவர் கூச்சப்பட மாட்டார்.

போன வருடம் சார் ஒரு புது வேலையைப் பிடித்து வந்தார். வட பசிபிக்கில் கடல்சிங்கங்கள் குட்டி போட்டு வளர்க்கும் தீவுகளைச் சுற்றி ஓர் ஆய்வுக் கப்பல் போகிறது. அவற்றுக்குத் தின்ன என்ன மீன், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கப்பலின் அடியிலிருந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குவார்கள். கூட்டம் தெரிகிற இடத்தில் இழுவலை போட்டு, அது என்ன மீன், என்ன அளவு என்று தூக்கிப் பார்ப்பார்கள். அந்தப் படங்களை அன்றன்றே படித்து, எங்கே வலை போடலாம் என்று சொல்வது எங்கள் பொறுப்பு.

“இரும்பா இருந்தா என்ன, தண்ணியா இருந்தா என்ன? தட்டுனா திரும்பும். அவ்ளோதான்” என்றார் அக்கா. அதற்கான பயிற்சியிலும் முதல் ஆளாகத் தேறினார்.

முதல் பயணம் சோதனை முறையில்தான். வேலை பிடித்திருந்தால் தொடர்ந்து தருவார்கள். இதை நம்பித்தான் சேலத்திலிருந்து வந்த என்னையும் இன்னும் சிலரையும் சார் புதிதாக எடுத்திருந்தார். இது கைநழுவினால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

கப்பல் கடைசித் தீவுக்கு வந்தது. அக்கா படங்களைப் பார்த்தார். கடல் துடைத்துவிட்டாற்போல இருந்தது. ‘மீன் கூட்டம் இல்லை, வலை தேவையில்லை’ என்று எழுதி அனுப்பினார். கப்பலும் திரும்பக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் கடல்சிங்கங்களின் தீனியைக் காக்க, அந்தத் தீவை நெருங்கிப் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வரக் கூடாது என்று தடை இருந்தது. கடல்சிங்கத்துக்கு அங்கே தீனியே இல்லை என்று அறிக்கை போனால், பிறகு எதற்குத் தடை என்று கேட்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

மறுநாள் காலை கப்பல்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டிருந்தார்கள். பாறை மேல் தாய்க் கடல்சிங்கங்களும் குட்டிகளும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அழகாக இருக்கிறதே என்று நான் அக்காவிடம் காட்டினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“ஸ்வாதி, இதுங்க முதுகப் பாரு.”

“நல்லா கொழுகொழுன்னு இருக்குதுக்கா.”

“அதான் கேக்கறேன். தீவனம் இல்லாத எடத்துல கன்னு போட்ட மாடு இப்பிடியா இருக்கும்? எலும்ப எண்ணிப்புடலாம். இதுங்க பக்கத்துலயே எங்கியோ நல்லா தின்னுதுங்க.”

உடனே கணினியைத் திறந்தார். படத்தைப் பார்க்கவில்லை, அதற்குத் தாம் வைத்திருந்த அமைப்புகளைப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

இரும்புச் சோதனையில் திரையின் அடியில் எப்போதும் பொடிப் பொடியாக எதிரொலி தெரிந்துகொண்டே இருக்கும். சோதனைக்கூடத்தில் அதற்குப் புல் என்று பெயர். அது கோளாறு இல்லை, இரும்பின் சுபாவம். நல்ல பாகத்தைத் தவறாகக் கழித்துவிடக் கூடாது என்பதற்காகப் புல்லைத் திரையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்கே உட்காருவார்கள். அக்காவின் விரல்கள் கடலிலும் அதையே செய்திருந்தன. மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப் பையில் பட்டால்தான் ஒலி பலமாகத் திரும்பும். சில மீன்களுக்கு அந்தப் பையே கிடையாது, எதிரொலி மிக மெலிதாகத்தான் வரும். கடல்சிங்கங்கள் ஆசையாகத் தின்னும் மீன் ஒன்றும் அந்த வகைதான். பயிற்சியில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். மண்டைக்கு ஏறியது கைக்கு இறங்கவில்லை.

அக்கா வெட்டியதைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தார். தீவின் அடிவாரப் பாறையை ஒட்டி மங்கலாக ஒரு பட்டை நீளமாகக் கிடந்தது.

ரத்தினவேல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, முதல் வேலைலயே தப்பு பண்ணிட்டோம்னு நாமளே சொல்றதா? அடுத்த தடவ சரியா பார்த்துக்கலாம். இப்ப கம்முனு இரு.”

“அடுத்த தடவ அந்தத் தீவுக்குப் போவாங்களா சார்?”

“அது அவங்க பாடு.”

“விரிசல் தெரிஞ்சும் ஓகே குத்தச் சொல்றீங்க. நான் குத்துனதில்ல சார்.”

என் வேலையே போகலாம் என்று தெரிந்தும், அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் கப்பலுக்கு எழுதினார். ‘நேற்று சொன்னது என் தவறு. மெல்லிய எதிரொலியை நான் நீக்கிவிட்டேன். இந்த இடத்தில் வலை போடுங்கள்.’ மீன்தானா, நிச்சயமாகத் தெரியுமா என்று கப்பலிலிருந்த தலைமை ஆய்வாளர் அம்மாள் திருப்பிக் கேட்டார். ‘மீன் என்பது வலை போட்டால்தான் நிச்சயம். நான் மறைத்தது இப்போதே நிச்சயம்’ என்றார் அக்கா. பிறகு, கப்பலைத் திருப்புகிறோம் என்று வந்தது.

சார் ஜன்னலோரம் போய், சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ வேலையில் மும்முரமாக இருந்தார். இந்த நேரத்தில் என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கேன்டீனில் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் போட்டோ வந்தது. வலையின் வாய்வரை மீன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட, காற்றுப் பை இல்லாத அதே மீன்கள் கப்பல் தளம் முழுக்கச் சரிந்து கிடந்தன. கீழே, அடுத்த பயணமும் ஓசூருக்கே என்று ஒரு வரி.

சார் போனைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினார். “சுசித்ரா, மீனும்மா! வலை நெறைய மீனு! ஆனா பாரு, முன்னாடி பார்த்த தீவுங்க எல்லாத்தையும் மறுபடி பார்க்கச் சொல்றாங்க. எப்ப ஆரம்பிக்கலாம்?”

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். “பாதி முடிஞ்சிருச்சு சார். காலைலயே ஆரம்பிச்சிட்டேன்.”

“காலைலயேவா? வலை வெறுசா வந்திருந்தா?”

“வந்திருந்தாலும் நான் வெட்டுனது வெட்டுனதுதானே சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த தீவின் படத்தைத் திறந்தார்.