றமணனின் நீளக் குழாய்கள்

றமணன் தன் காருக்குப் புகைக்குழாய் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் எடுத்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட அரை நாளில் முடிவெடுத்தவன் என்று நான் பகிடி பண்ணுவேன். அந்தப் பெண்தான் நகுலேஸ்வரி. அந்தக் குழாய்களால்தான் அவள் இன்று இப்படி இருக்கிறாள். ஏழு மாதமும் வலு, சத்தம், இரும்பா எவர்சில்வரா என்று பேசித் தீர்த்தோம். பக்கத்துச் சீட்டில் உட்காரப் போகிறவள் என்ன காற்றை மூச்சில் இழுப்பாள் என்று இருவரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் யோகராஜா. லண்டனில் மிச்சம் என்ற ஊரில், டிராம் பாதையோரம் இருக்கும் தகரக் கொட்டகை வரிசையில் எனக்கு ஒரு டயர்க் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் றமணனின் கராஜ். பதினொரு வருடமாக ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடிக்கிறோம். அவனைவிட நான் ஆறு வயது மூத்தவன் என்பதால் அவனுக்கு நான் யோகண்ணை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுப்பதில்லை.

லண்டனுக்கு வர முன்னர் றமணன் பத்தொன்பது வருடம் ஜேர்மனியில் ஒரு கராஜில் சைலன்சர் மாற்றிக்கொண்டிருந்தவன். அங்கே காரில் ஒரு ஆணியை மாற்றுவதென்றாலும் அனுமதிக் கடதாசி வேண்டும் என்பான். அடுத்தவன் காரைத் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே திருப்பிக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனவனுக்கு, தன் இஷ்டத்துக்கு ஒரு கார் கட்ட வேண்டும் என்ற ஆசை பிடித்துவிட்டது. பழைய காரின் உடம்பும் புதுக் காரின் குடலுமாகச் செய்யும் அந்த வண்டிக்கு ஸ்ட்ரீட் ரொட் என்று பெயர். கென்ட் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகிடந்த 1954ஆம் ஆண்டு ஃபோர்ட் ஒன்றை வாங்கி வந்தான். அதற்குள் எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சின் ஒன்றை இறக்கினான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நகுலேஸ்வரி புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து, ஒரு டயரில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், ஓய்வு நாளிலும் யாருக்காவது சாப்பாடு போடாமல் இருக்கமாட்டாள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. மிஞ்சியது ஹெடர். எஞ்சினின் இரு விலாவிலும் பூட்டி, ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியே கொண்டுபோகிற பகுதி அது. மூன்று வழி இருந்தது. எஞ்சினோடு வந்த வார்ப்பு இரும்பையே விடலாம். பாரம், ஆனால் நூறு வருடத்துக்குக் கிடக்கும். எஞ்சினை ஒட்டிக்கொண்டு இறங்கும் கட்டைக் குழாய் போடலாம். அல்லது பக்கத்துக்கு நாலாக, ஒரே நீளத்தில், சீட்டுக்கு அடிவரை ஓடி ஒன்றாகச் சேரும் நீளக் குழாய் போடலாம். பார்த்தால் நீளக் குழாய்தான் அழகு. சத்தமும் அதில்தான்.

"கட்டைக் குழாயைப் போட்டுட்டு அலுவலைப் பார். றேசுக்கே போகப் போறாய்?" என்றேன்.

"யோகண்ணை, இதை ஒருக்காக் கேளுங்கோ," என்று ஃபோனைக் காதடியில் பிடித்தான். யாரோ ஒரு அமெரிக்கன் நீளக் குழாய் பூட்டிய வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். "கட்டைக் குழாய் வேன் மாதிரிக் கத்தும். இது பாடுது."

"அது அவன்ர ஊருக்குச் செய்தது. அவனுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். உனக்கு வலப்பக்கம். ஸ்டியரிங் தண்டை எங்க கொண்டுபோய் வைக்கப் போறாய்?"

"ஒரு குழாயை வெட்டி வளைச்சு ஒட்டலாம். தண்டு வாற துளையையும் கொஞ்சம் பெருப்பிச்சாச் சரி."

நான் கத்தினேன். முப்பது வருடம் தொழில் செய்தவன் படம் பார்த்துப் பொருள் வாங்குகிறாயே என்று, அவனுடைய வேலையாட்கள் இருவர் முன்னாலும் கேட்டேன். அவன் முகம் கறுத்தது. அடுத்த வாரம் நீளக் குழாய் பெட்டியில் வந்து இறங்கியது. நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். கேத்தலைத் தூக்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையா அது?

அவன் வெட்டினான், வளைத்தான், ஒட்டினான். வேலையில் பிழை சொல்ல முடியாது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணியபோது கொட்டகை வரிசையே வெளியே வந்து கைதட்டியது. நான் கடைக்குள் கார்ச் சில்லு ஒன்றைத் தேவையில்லாமல் சுழற்றிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

புதுக் குழாய்க்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு தடவை சூடாகி ஆறியதும் அதன் போல்டுகள் தளரும். ஆறவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். பிறகு ஓடி, ஆறவிட்டு இன்னும் இரண்டு தடவையாவது. இல்லாவிட்டால் எஞ்சினோடு பொருந்தும் இடத்தில் புகை கசியும். கசியும்போது டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். தொழில் தெரிந்தவன் காதுக்கு அது போதும்.

மறுநாள் திங்கட்கிழமை, கந்தசஷ்டியின் ஆறாம் நாள். நகுலேஸ்வரி ஆறு நாளும் விரதம். இரவில் ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். கடைசி நாள் அதுவும் இல்லை. பின்னேரம் கோயிலில் சூரன் போர் பார்த்து, அடுத்த நாள் காலை பாறணை செய்துதான் சோறு. அவளுடைய தங்கை அஜந்தா பிளேஸ்டோவில் இருந்ததால் வருடா வருடம் கிழக்கு லண்டன் கோயிலுக்குத்தான் போவார்கள். வழக்கமாக ரெயிலில். இந்த முறை றமணன் புதுக் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். முருகனுக்குக் காட்டிவிட்டால் வண்டிக்கும் நல்லது என்று அவளும் சம்மதித்தாள்.

மதியம் இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். றமணன் முழுகி, திருநீறு பூசி, வேட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்தான். நகுலேஸ்வரி பட்டுச் சேலைக்கு மேல் தடித்த ஸ்வெட்டர். பசியில் முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"யோகண்ணை, இன்னும் கோவமோ?"

"எனக்கென்ன கோவம்," என்றேன், கோபத்தோடு.

றமணன் ஸ்டார்ட் பண்ணினான். உறுமல் எழுந்தது. அதற்குள்ளே, வலப்பக்கத்தில், டிக், டிக், டிக். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. காதலித்தவளின் குரலில் குற்றம் கேட்கிறவன் யார்?

"திருப்பி இறுக்கினியோ?" என்றுமட்டும் கேட்டேன்.

அவன் ஒரு கணம் யோசித்தான். "இல்லையண்ணை, மறந்துபோனன். முழுகிட்டன் இப்ப. ஒயில் தொட்டா திரும்ப முழுக வேணும், சூரன் போர் துடங்கிடும். வந்து இறுக்கிறன்."

கோயிலுக்கென்று முழுகியவன் போல்ட் இறுக்கும் எண்ணெய்ச் சாவியைத் தொடமாட்டான். எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் என் கை ஏற்கனவே கறுப்பு. சாவி மேசையில் கிடந்தது. பதினைந்து நிமிட வேலை. அவன் என் கையைப் பார்த்தான். நானாக முன்வரட்டும் என்று அவனும், அவன் கேட்கட்டும் என்று நானும் நின்றோம்.

"உன்ர குழாய், உன்ர பாடு," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தேன். கார் டிராம் பாதையைக் கடந்து போனது.

வழியில் நடந்ததை அவன் பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்துச் சொன்னான். அந்தக் காரில் ஹீட்டர் கிடையாது. நகுலேஸ்வரி தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தான், குழாய் பாடுவதைக் கேட்க. கற்ஃபோர்ட் தாண்டியதும் அவள் தலை இடிக்கிறது என்றாள்.

"விரதக் களை. கொஞ்சம் தண்ணி குடியுமன்."

"கடைசி நாளில தண்ணியோ? வேண்டாம்."

ஏதோ எரிகிற மணம் வருகிறது என்றாள். புதுக் குழாயின் பூச்சு முதல் ஓட்டத்தில் எரியும், அப்படித்தான் என்றான். அது பொய்யில்லை. ஆற்றுக்கடியில் போகும் சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் ஊர்ந்தன. நாற்பது நிமிடம். வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள். வெறும் வயிறு அப்படித்தான் பிரட்டும் என்றான். அவனுக்கும் தலை இடித்தது; பகல் தேத்தண்ணி குடிக்காததால் என்று நினைத்தான். ஒவ்வொரு அறிகுறிக்கும் விரதம் ஒரு காரணம் வைத்திருந்தது.

"இஞ்சேருங்கோ, நித்திரை வருது."

"படுத்திரும். கோயிலடியில எழுப்புறன்."

கோயில் தெருவில் அஜந்தா பால்செம்போடு காத்துநின்றாள். கார்க் கதவைத் திறந்தாள். நகுலேஸ்வரி சாய்ந்தபடி இருந்தாள், கன்னம் இரண்டும் சிவந்து.

"ஆறு நாள் பட்டினி கிடந்தவவின்ர முகமே இது? முருகன்ர அருள்," என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கைகூப்பினாராம். அஜந்தா தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை மறுபக்கம் விழுந்தது. றமணன் இறங்கி வந்தவன், மதிலோரம் குனிந்து சத்தி எடுத்தான். சாமி கும்பிட வந்த ஒரு நேர்ஸ் பிள்ளைதான் காருக்குள் தலையை விட்டு, மணந்து பார்த்து, நகுலேஸ்வரியை இழுத்து நடைபாதையில் கிடத்தினாள். அம்புலன்ஸ் வந்தபோது கோயிலுக்குள்ளே சூரன் தலை மாறிக்கொண்டிருந்தான். பறைச் சத்தத்தில் அஜந்தா அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

காரை லொறியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவன் நான். பொனட்டைத் திறந்து பார்த்தேன். வலப்பக்கம் மூன்று போல்ட் கையாலேயே சுழன்றது. குழாய் பொருந்தும் இடத்தைச் சுற்றிக் கரி. ஸ்டியரிங் தண்டுக்காகப் பெருப்பித்த துளையில் ரப்பர் சரியாக உட்காரவில்லை. புகை எஞ்சினில் இருந்து நேரே கால்மாட்டுக்கு வந்திருக்கிறது. றமணன் இறக்கி வைத்த கண்ணாடி அவனுக்குக் காற்றைக் கொடுத்ததோடு, உள்ளிருந்த காற்றை வெளியே இழுத்து, அந்தத் துளையால் இன்னும் புகையைக் கூப்பிட்டிருக்கிறது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. தொழில்காரன், தானே கண்டுபிடித்திருப்பான்.

நகுலேஸ்வரி உயிர் தப்பினாள். மூன்று வாரம் தேறி வருவதுபோல இருந்தது. பிறகு திடீரென்று எல்லாம் கலைந்தது. புகை நஞ்சு மூளையை அப்படிப் பிந்தியும் தாக்கும், அன்று கன்னம் சிவந்ததும் அதனால்தான் என்று டொக்டர் சொன்னார். நடை தள்ளாடுகிறது. ஆட்களைத் தெரிகிறது. ஆனால் அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை இன்னும் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாள். "விரதமெல்லே? சூரன் போர் இன்னும் பாக்கேல்லை," என்கிறாள். மூன்று நேரமும் றமணன் பக்கத்தில் இருந்து, போர் முடிந்தது, இன்றைக்குப் பாறணை என்று சொல்லிச் சொல்லித்தான் வாயில் சோறு போகிறது. சிலநேரம் நம்புகிறாள். நம்பாத நாட்களில் பட்டினி. கராஜை அவன் வேலையாட்களிடம் விட்டுவிட்டான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் நான் போயிருந்தேன். அவன் கையில் கரண்டியோடு அவள் முன்னால் முழங்காலில் இருந்தான். எலும்பும் தோலுமாக இருவரும்.

"எல்லாம் என்ர பிழை. உங்களுக்கு அண்டைக்கு ஏதும் கேட்டிருந்தா என்னை மறிச்சிருப்பியள். நான்தான் செவிடனாப் போனன்," என்றான் றமணன்.

ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்தது. எனக்குத் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கேட்டது, றமணன்."

அவன் திரும்பவில்லை.

"டிக் எண்டு கேட்டது. தெரிஞ்சுதான், திருப்பி இறுக்கினியோ எண்டு கேட்டனான். கோவத்தில பேசாம விட்டிட்டன்."

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"போங்கோ அண்ணை. இனி இந்த வீட்டுப் படி மிதியாதேங்கோ."

நான் எழுந்து வாசல்வரை போனேன். பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நகுலேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். விருந்தாளி ஒன்றும் சாப்பிடாமல் போகிறாரே என்ற கவலை அவள் முகத்தில் இருந்தது.

"குறை நினையாதேங்கோ யோகண்ணை, இண்டைக்கு இஞ்ச அடுப்பு மூட்டேல்லை. நாளைக்குப் பாறணை. மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கட்டாயம் வரவேணும்."

அவளுக்குப் பின்னால் றமணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.